டபுள் போட்டாச்சா, டீச்சரே?

என் மகள் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதில்லை. அவளுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. பலகையின் கீழ்ப்பாதியில் எழுதி, அழித்து, மறுபடியும் அங்கேயே எழுதுகிறாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் டீச்சர் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கைக்கு ஒரு மழையும் ஒரு ஜீப்பும்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. மழை என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பது என் கணவரின் தொழில். நான் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை என் கணவர் ஏலத்தில் எடுத்தார். அதுவரை மாட்டு வண்டியில் போன முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் அதன் பிறகு ஜீப்பில் போயின. ஓட்டுவது என் மூத்த மகன். போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவான்.

அந்த ஜீப்பில் ஸ்டீரிங் இடது பக்கம். ஆகவே நான் உட்காருவது வலது பக்கம். எனக்கும் மகனுக்கும் நடுவில் தரையிலிருந்து மூன்று லிவர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது கியர். மற்ற இரண்டும் குட்டையானவை, என் இடது முழங்காலில் இடிக்கிற மாதிரி இருக்கும். வண்டி வந்த அன்று அவை எதற்கு என்று கேட்டேன். பதில் சொன்னவர் வண்டி ரிப்பேர் பார்க்கும் தண்டையார்பேட்டை மிஸ்திரி. அவர் என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே தோஸ்து. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாய். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக் போகும். அப்படிப்பட்ட உறவு.

"இத்த பின்னால இஸ்தா டபுள் அண்ணி. முன் சக்கரமும் சேந்து இழுக்கும். சேறு, மணலு, தண்ணி, எங்க உட்டாலும் நிக்காது" என்றார்.

"அப்போ எப்பவும் டபுள்லயே போகலாமே?"

"ரோட்ல வேணாம் அண்ணி."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். அந்தப் பேஜாரெல்லாம் உங்களுக்கு இன்னாத்துக்கு?"

அவர் சிரித்தார், என் கணவரும் சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் துறைமுகத்துக்குள் கல் பாவிய வழியில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. முட்டைக்கோஸ் மட்டும் தண்டவாளம் வரை உருண்டு ஓடியது. கூலியாட்கள் அதைக் காலால் தடுத்துப் பந்து விளையாடினார்கள். மகன் வந்து சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் நான் இயல்பிலேயே பயந்தவள். படியில் ஓடினால் பயம், கிணற்றடிக்குப் போனால் பயம். மறுநாள் காலையில் வண்டி கிளம்பும்போது நானே குனிந்து அந்த லிவரைப் பின்னால் இழுத்துவிட்டேன்.

டபுள் என்ற சொல்தான் என்னை அப்படிச் செய்ய வைத்தது. டபுள் தையல் போட்ட துணி பிரியாது. கதவுக்கு டபுள் தாழ்ப்பாள் போட்டால் தூக்கம் வரும். டபுள் என்றால் இரண்டு மடங்கு பத்திரம் என்பது எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சந்தேகப்படாத விஷயம். பட்டாளத்துக்காரன் நாலு சக்கரத்தில் பலம் வைத்துக் கொடுத்திருக்கும்போது, இரண்டை எதற்குச் சும்மா விட வேண்டும்?

"ம்மா, ஸ்டீரிங் கல்லு மாதிரி கீதும்மா" என்று மகன் புலம்புவான்.

"கை வலிச்சா பரவால்ல. மண்டை உடையக்கூடாது" என்பேன்.

ஒருநாள் கல்மண்டபத்துத் திருப்பத்தில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. டபுள் லிவரை எடுக்கப் பார்த்தால் அது இறுகிக்கொண்டது. மகன் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். கடைசியில் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே தள்ளியபோதுதான் அது விட்டது. பின்னால் நின்ற ரிக்‌ஷாக்காரர் கத்தினார்: "இன்னா நைனா, வூட்ல எதனா மறந்துட்டு வந்துட்டியா? திரும்பிப் போறே?"

முன் டயர்கள் சவரம் செய்த கன்னம்போல் ஆகிவிட்டன என்று என் கணவர் கூச்சல் போட்டார். டயர் எளிதில் கிடைக்காத காலம். "லிவர்ல கை வைக்காதே" என்றார். ஏன் என்று அப்போதும் கேட்டேன். "சொன்னாக் கேளேன்" என்றார். அது பதிலா? வகுப்பில் ஒரு பெண் ஏன் என்று கேட்டால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் லிவரை விடவில்லை.

பிறகு ஒரு வாரம் வண்டி பாயின் கொட்டகையில் கிடந்தது. திரும்பி வந்த அன்று வழக்கம்போல் நான் லிவரை இழுத்தேன். அது வெண்ணெயில் போகிற மாதிரி போனது. ஸ்டீரிங்கும் இலகுவாகிவிட்டது. கல்மண்டபத்துத் திருப்பத்தில் வண்டி அழகாக வளைந்தது.

"இப்போ டபுள்ல கூட நல்லாத் திரும்புதே?" என்று பாயிடம் கேட்டேன்.

"செட் ஆய்டுச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அவர் வாயில் எதுவும் இருக்கவில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை வழக்கம் தொடங்கியது. காலையில் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் வாசலில் நின்று கேட்பார்: "டபுள் போட்டாச்சா, டீச்சரே?"

நான் லிவரை இழுத்துவிட்டு, "போட்டாச்சு" என்பேன்.

"அப்ப நாங்க நிம்மதியா நாஷ்டா துன்லாம்."

மகன் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுப்பான். மகள் வீட்டில் இருக்கும் நாட்களில் பின்னால் உட்கார்ந்திருந்தால் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பாய் வந்திருந்தால் அவரும் கேட்பார். என் பயத்தை இத்தனை பேர் இத்தனை பிரியமாக ஏற்றுக்கொண்டார்களே என்று நினைத்து நான் உள்ளுக்குள் நெகிழ்ந்திருக்கிறேன். பள்ளியில் சக ஆசிரியைகளிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

மகள் அப்போது சடையங்குப்பத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூரை வேய்ந்த ஒற்றை அறை. மணலிக்குப் பக்கத்தில் தாழ்வான இடம், தினமும் போய் வரத் தோதில்லை. வாரம் முழுக்க அங்கேயே ஒரு விதவை அம்மாளின் வீட்டில் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அடுத்த வருஷத்து ஐப்பசி மழை விடாமல் அடித்தது. எங்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மணலிப் பக்கத்திலிருந்து வரும் பால்காரர் வெறும் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டிட்டோம்மா. ஏரித் தண்ணி வந்துகினு கீது. சடையங்குப்பத்துல வூட்டுக்குள்ள பூந்துட்ச்சாம். உம் பொண்ணு அங்கதான கீது?"

என் கணவர் துறைமுகத்தில் இருந்தார். மகன் அப்போதுதான் வண்டியோடு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடு" என்றேன்.

"அப்பா வரட்டும்மா. நம்ம வண்டி அந்த ஊருக்குப் போற மண்கரை மேல போவாது."

"ஏன் போகாது? டபுள் இருக்கே."

அவன் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அதைத் தயக்கம் என்று நினைத்தேன். தங்கை வெள்ளத்தில் இருக்கும்போது தயங்குகிறானே என்று கோபம்கூட வந்தது. "நீ வரலைன்னா நான் நடந்து போறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தான்.

திருவொற்றியூர் வரை ரோடு இருந்தது. அங்கிருந்து மேற்கே திரும்பி, பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தை அடைந்தோம். பாலத்தின் முனையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். கையை நீட்டி மறித்தார்.

"எங்க போறீங்கோ? கரையெல்லாம் களியா கீது. லாரியே மாட்டிகினு நிக்குது."

"எம் பொண்ணு சடையங்குப்பத்துல இருக்கா" என்றேன்.

அவர் ஜீப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா? அதுன்னா போவும்."

"ஆமா. அதேதான்."

"அப்பன்னா போ தாயி. நின்னுடாத. நின்னா அப்பால எடுக்க முடியாது."

அந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது. உண்மை தெரிந்திருந்தால் அவர் எங்களை விட்டிருக்கமாட்டார். என் மகன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதோரம் தண்ணீர் வழிந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

கரைப்பாதை தொடங்கும் இடத்தில் நான் குனிந்து லிவரைப் பின்னால் இழுத்தேன். "டபுள் போட்டாச்சு. போ."

"சரிம்மா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் தாண்டவில்லை. என் கணவரும் பாயும் செய்ததை ஒருவிதமாக என்னால் யோசிக்க முடிகிறது. அவர்கள் ரோட்டில் செய்தார்கள், வேடிக்கையாகச் செய்தார்கள். இவன் களிமண்ணின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும்போது, என் முகத்தைப் பார்த்து, "சரிம்மா" என்றான்.

கொஞ்ச தூரம் போனோம். வேகமாகப் போனால் கடந்துவிடலாம் என்று நினைத்தான்போல. வண்டி இடமும் வலமும் ஆடிக்கொண்டு ஓடியது. தூரத்தில் ஊரின் நடுவே மேட்டில் கல்லால் கட்டிய பஜனை மடம் தெரிந்தது. அதன் படிகளில் ஜனங்கள் நின்றார்கள். அங்கேதான் என் மகள் இருப்பாள் என்று எனக்குத் தைரியம் வந்தபோது வண்டி நின்றது. எஞ்சின் உறுமியது. பின்பக்கம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது. மற்ற குட்டை லிவரையும் மாற்றிப் போட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தான். இன்னும் ஆழமாக இறங்கியது.

நான் என் பக்கத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் சேற்றை வாரி வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தது. முன் சக்கரம் அசையவே இல்லை. அதன் மேல் மழை விழுந்து சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தது.

"முன் சக்கரம் சுத்தலையே" என்றேன்.

அவன் எஞ்சினை நிறுத்தினான். ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"சுத்தாதும்மா. அதுக்கு இழுவை குடுக்கிற ஷாஃப்ட்டு இல்ல. கழட்டிட்டோம்."

"எப்போ?"

"டயரு தேஞ்சப்போ. நீ லிவர உடவே மாட்டேன்னியே. பாய்தான் சொன்னாரு, அண்ணி இழுத்துகினு இருக்கட்டும், அடில கழட்டி வச்சிடலாம்னு. அப்பா சிரிச்சாரு."

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"நான்தாம்மா அடில படுத்து போல்ட்டக் கழட்டுனேன்."

"உன் தங்கச்சிக்கு?"

அவன் நெற்றியை எடுக்காமலேயே சொன்னான். "எல்லாருக்கும் தெரியும்மா."

என்ன உணர்ந்தேன் என்று எழுத இப்போதும் எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை. அவன் மேல் கோபம் அப்போது வரவில்லை. வாசலில் நின்று கேட்ட ஒவ்வொரு "டபுள் போட்டாச்சா"வும் வரிசையாகத் திரும்பி வந்தது. நான் "போட்டாச்சு" என்று சொன்னதும் அவர்கள் சிரித்த சிரிப்பு, மகள் தெருப்பக்கம் திருப்பிக்கொண்ட முகம். ஒரு வருஷமாக நான் பயந்தபோதெல்லாம் எதையும் பிடிக்காத ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சுற்றி நின்று என் வீடே பார்த்திருக்கிறது.

நாங்கள் இறங்கிக் கரையில் நின்றோம். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், பின்னால் தாழ்வான இடத்தில் தண்ணீர் கரையை மேவி ஓடத் தொடங்கியிருந்தது. முன்னால் எங்களுக்கும் ஊருக்கும் நடுவே கரை உடைந்து ஒரு வாய்க்கால் மாதிரி பாய்ந்தது. அதற்கு அந்தப் பக்கம், மடத்துப் படியிலிருந்து ஓர் உருவம் தண்ணீரில் இறங்கி எங்களை நோக்கி வந்தது. புடவையை இடுப்பில் செருகியிருந்தது. என் மகள்.

"வராதே! அங்கேயே நில்லு!" என்று கத்தினேன். மழையில் கேட்கவில்லை. அவளும் என்னவோ கத்தினாள். அதுவும் கேட்கவில்லை. கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தாள்.

உடைப்பின் ஓரத்தில் கால் வைத்ததும் அவள் காணாமல் போனாள்.

என் மகன் வண்டியின் படுதாக் கயிற்றை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை முன் பம்பரில் முடிந்துவிட்டுக் குதித்தான். அவள் கொஞ்சம் தள்ளி ஒரு வேலிகாத்தான் புதரில் சிக்கியிருந்தாள். கை முட்கிளைக்குள் மாட்டிக்கொள்ள, உடம்பைத் தண்ணீர் ஒரு பக்கமாக முறுக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தான். நான் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து இருவரையும் எடுத்தார்கள். பிறகு என்னையும் எடுத்தார்கள். ஜீப் அங்கேயே நின்றது. சாயங்காலம் அதன் இருக்கை வரை தண்ணீர் இருந்தது.

மடத்தில் அவளை என் மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். மடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ராத்திரிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவளும் அங்கேயே இருந்திருந்தால் அவளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"வண்டி நின்னதப் பாத்தேம்மா" என்றாள். வலியில் பல் கிட்டியிருந்தது. "நீ எறங்க மாட்டேன்னு தெரியும். டபுள் கீது, வந்துடும்னு நம்பிக்கினு உள்ளயே உக்காந்துனு இருப்பே. அதான் சொல்லலாம்னு வந்தேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் தோள் மூட்டைச் சேர்த்து வைத்தார்கள். எலும்பு கூடியது. கை மட்டும் பழையபடி எழும்பவில்லை. வண்டியைத் தண்ணீர் வடிந்த பிறகு மாடு கட்டி இழுத்து வந்தார்கள்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். என் கணவரும் அவரும் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, சாக்கில் சுற்றிய ஒரு பொருளை வெளியே எடுத்தார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் மூட்டு. எனக்கு அந்தச் சாக்கைத் தெரியும். ஸ்பேர் சாமான் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷமாக அதன்மேல் பலகையைப் போட்டு, தரை ஈரம் படாமல் அரிசி மூட்டையை வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிக் கூட்டினேன். என் முன் சக்கரங்களின் பலம் என் வீட்டு அரிசியைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"தப்புதான் அண்ணி" என்றார் பாய். கண்ணைத் தூக்கவில்லை. "இப்டி ஆவும்னு யாரு கண்டது? நம்ம வண்டி தார் ரோட்ட உட்டு எங்க போச்சு?"

"நீ மட்டும் ரோட்ல டபுள் போடாம இருந்திருந்தா..." என்று என் கணவர் தொடங்கினார்.

"ஏன் போடக்கூடாது?" என்று கேட்டேன். "இப்பவாவது யாராவது சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் தரையில் குந்தினார். நான் என் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தேன். அவர் தரையில் ஒரு வளைவு போட்டார்.

"வண்டி திரும்பச்சொல்ல, முன் சக்கரம் இப்டிப் போவும். பின் சக்கரம் அதுமேலயே போவாது, உள்ள தள்ளி..."

அவர் இரண்டாவது வளைவை முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. "முன் சக்கரத்துக்குப் பெரிய வட்டம். பின் சக்கரத்துக்குச் சின்ன வட்டம். முன்னது அதிக தூரம் ஓடணும்."

"அத்தான் அண்ணி!" அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "டபுள்ல ரெண்டையும் சேத்துக் கட்டிடுதா? ஒண்ணு அதிகமா ஓடப் பாக்கும், இன்னொண்ணு உடாது. மணல்ல, சேத்துல சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்க சரி பண்ணிக்கும். தார்ல வழுக்காது. உள்ள முறுக்கிகினு நிக்கும். டயரு தேயும், இல்லாங்காட்டி கியரு உடையும்."

"அதான் லிவர் இறுகிச்சா? பின்னால வந்ததும் முறுக்கு விட்டுதா?"

"ஆமா."

"மூணாவது லிவர்?"

"அது லோ. வேகம் வராது, பலம் வரும். ஆழ மணலு, மேடு, இல்ல எதுனாச்சும் கட்டி இழுக்கணும்னா. டபுள் போட்டப்பறம்தான் அதுல கை வைக்கணும்."

"இவ்வளவுதானா?"

வட்டத்தின் ஆரம் கூடினால் சுற்றளவு கூடும் என்பதை நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஒரு சாக்பீஸும் இரண்டு வளைவும் போதுமாக இருந்த இடத்தில், இவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட அது இவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"சொன்னா மட்டும் கேட்டிருப்பியா?" என்றார் என் கணவர். குரலில் கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

கேட்டிருப்பேனா என்று எனக்கே தெரியாது. சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாய் அன்றே ஷாஃப்டை மாட்டிவிட்டுப் போனார். சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டார். ரம்ஜானுக்குக் கஞ்சி வந்தது, கிறிஸ்துமஸுக்குக் கேக் போனது. என் கணவர் வாசலில் நின்று அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. மகள் எல்லோரையும் மன்னித்துவிட்டாள். தன் அண்ணனைக் கிண்டல் செய்கிறாள்: "என் மயிரப் புடிச்சு இழுத்தியே, அதுக்கு மட்டும் பதில் சொல்லணும்." அவன் சிரிக்கிறான். நானும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவன் சாப்பிட்டாச்சு என்றால் தட்டைப் பார்க்கிறேன். கதவு சாத்தியாச்சு என்றால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்.

போன மாதம் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு எல்லோரும் போனோம். எண்ணூர் வரை நல்ல ரோடு. லிவர் முன்னால் இருந்தது, நான் அதைத் தொடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரோடு முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் மகன் வண்டியை நிறுத்தினான்.

"ம்மா, இங்க டபுள் போடணும்தான?"

"போடணும். லோ வேண்டாம், பார்த்துக்கலாம்."

அவன் லிவரைப் பின்னால் இழுத்தான். "போட்டாச்சும்மா."

நான் இறங்கினேன்.

"ஏம்மா, நெஜமாவே கீதும்மா. நாந்தான் கூட இருந்து மாட்டுனேன்" என்றான்.

"தெரியும். நீ ஓட்டு."

"ஏறு, வெயில்ல எதுக்கு நடக்கிறே?" என்றார் பின்னாலிருந்து என் கணவர். நான் ஏறவில்லை. மகள் மட்டும் இடது கையால் என் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. நான் அதன் பக்கத்திலேயே, முன் சக்கரத்தைப் பார்த்தபடி நடந்தேன். அது சுற்றியது. மணலைக் கவ்வி, கொஞ்சம் வழுக்கி, மறுபடியும் கவ்விச் சுற்றியது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி கூப்பிட்டுக் கேட்டாள்: "இன்னாம்மா, உன்ன எறக்கி உட்டுட்டாங்களா?"

குப்பத்துக் கோயில் வாசல் வரை நான் நடந்துதான் போனேன்.